ஏழு சிவப்பு வளையல்

திருவள்ளூர் ரயில் நிலைய மேம்பாலத்தில் பதினெட்டாவது படியில் நர்மதா நின்றுவிட்டாள். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். எண்ணுவது என் பிழைப்பு. காக்களூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். கடைந்த உருளைகளை நூறு நூறாக எண்ணிப் பெட்டியில் அடுக்கி அனுப்பும்வரை வேறு நினைப்பு இருக்காது. அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்து மூச்சு வாங்கினாள். ஐந்தாம் மாதம், கர்ப்பிணிக்கு மூச்சு வாங்காமல் வேறு யாருக்கு வாங்கும் என்று நினைத்துக்கொண்டேன். போதாததற்கு, "இன்னா, அதுக்குள்ள பஞ்சரா?" என்று கிண்டல் வேறு. அவள் சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரில மஞ்சக்காமாலைன்னு ஏன் சொன்னீங்க?" என்றாள்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் நர்ஸ் செண்பகம் அட்டையை நிரப்பும்போது, முன்னால் ஏதாவது பெரிய வியாதி வந்திருக்கிறதா என்று கேட்டார். நர்மதா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். சின்ன வயதில் மஞ்சள் காமாலை, அவ்வளவுதான் என்றேன். பெண்டாட்டியைப் பற்றி எல்லாம் தெரிந்த புருஷன் என்று செண்பகம் நினைக்கட்டும் என்றிருந்தது.

"உங்கம்மாதான சொன்னாங்க? பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னாங்களே."

"எனக்கு மஞ்சக்காமாலை வரவே இல்லீங்க." கீழே அரக்கோணம் வண்டி வந்து நின்று, ஆட்கள் இறங்கி, அது கிளம்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "பிளட் கேன்சரு. எட்டு வயசுல. ரெண்டரை வருஷம் மெட்ராஸ்ல ஆஸ்பத்திரியே கதின்னு கெடந்தோம்."

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். பரிதாபமாவது வந்திருக்க வேண்டும். வந்ததோ கோபம். கல்யாணமாகி இரண்டு வருடம். திருவாலங்காட்டில் அவர்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் காபி குடித்திருக்கிறேன். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்த சேதி ஒன்று, மாப்பிள்ளை வந்தால் மட்டும் கதவிடுக்கில் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. மீதிப் படிகளை அவள் கையைப் பிடித்துத்தான் ஏற்றினேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மணவாள நகரில் வீட்டுக்குள் நுழைகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு நாள் அப்படியே போனது. பட்டறையில் இரும்புக் கம்பி வந்து இறங்கினால் கூடவே ஒரு தாள் வரும். எந்த உலையில் உருக்கியது, எந்தத் தேதியில், கரி எவ்வளவு, எவ்வளவு இழுத்தால் அறும் என்று அத்தனையும் அதில் இருக்கும். அந்தத் தாள் இல்லாத கம்பியை வாங்க மாட்டோம். இரண்டாவது நாள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பிக்குக்கூட ஜாதகம் தருகிறான், எனக்கு ஒன்றுமே சொல்லாமல் கட்டி வைத்துவிட்டார்களே என்று நினைத்தேன். நினைத்த உடனே எனக்கே அசிங்கமாகிவிட்டது. தெரிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? மெஷினை நிறுத்திவிட்டு யோசித்தேன். நேர்மையாகச் சொன்னால், சொல்லியிருப்பேனோ என்னவோ. அது தெரிந்துதானே அவர்கள் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எங்கிட்ட ஏன் சொல்லல? அத்த சொல்ல வேணாம்னாங்களா?"

"கற்பூரம் அணச்சி சத்தியம் வாங்கிக்கினாங்க." ஒரு தண்டை ஒடித்துப் போட்டாள். "ஆனா அதுக்காவ மட்டும் இல்ல. எங்க ஊர்ல யாரு என்னப் பாத்தாலும் மொதல்ல கண்ணு என் தலமுடிக்குத்தான் போவும். அப்பறந்தான் மூஞ்சிக்கு வரும். நீங்க ஒருத்தருதான் நேரா என் மூஞ்சியப் பாத்தீங்க. குள்ளமா கீறேன்னு கிண்டல் பண்ணீங்க. எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சி தெரியுமா?"

நான் அவளை 'அரை இன்ச் போல்ட்டு' என்று கூப்பிடுவது வழக்கம். வியாதிக்காகத் தலைக்குக் கரண்ட் வைத்ததால்தான், அதாவது கதிர்வீச்சு கொடுத்ததால்தான், உயரம் அப்படியே நின்றுவிட்டது என்று அன்றைக்குத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஒரு கீரைத் தண்டால் என் முழங்காலில் தட்டி, "இப்ப கூப்புடாம வுட்டுடாதீங்க" என்றாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பேருமாகப் போய் உள்ளதைச் சொன்னோம். செண்பகம் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். மஞ்சள் காமாலை என்பதை அடித்துவிட்டு, அன்றைக்கே இதய டாக்டரிடம் அனுப்பிவைத்தார். கிறிஸ்டினா டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். நிதானமாகப் பேசுகிறவர். ஸ்கேன் திரையில் நர்மதாவின் இதயம் சுருங்கி விரிவதை நான் நின்று பார்த்தேன். மீன் வாய் திறந்து மூடுவதுபோல் இருந்தது.

"இதயம் ரத்தத்த பம்ப் பண்ற அளவு அறுபது இருந்தா நல்லது. உங்களுக்கு அம்பது இருக்கு" என்றார் டாக்டர். "பயப்படாதீங்க, கொஞ்சந்தான் கம்மி. அந்தக் காலத்துல இந்த நோய்க்கு ஒரு சிவப்பு மருந்து போடுவாங்க. உயிரக் காப்பாத்துனதே அதுதான். ஆனா சில பேருக்கு இதயத்தக் கொஞ்சம் பலவீனமாக்கிட்டுப் போயிடும். பதினஞ்சு இருவது வருஷம் கழிச்சுக்கூட தெரியவரும். அதனாலதான் வருஷா வருஷம் வந்து காட்டச் சொல்றது. நீங்க கடைசியா எப்பப் போனீங்க?"

"பதினாலு வயசுல" என்றாள் நர்மதா. "அப்பறம் அம்மா போவ வுடல."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. எட்டாம் மாதத்துக்கு மேல் இதயத்துக்கு வேலை ஒன்றரை மடங்காகும், அப்போது இவள் தாங்குவாளா என்பதுதான் கேள்வி என்றார். சிவப்பு மருந்து எத்தனை தடவை ஏறியது என்று தெரிந்தால், எந்த அளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுக்க வசதியாக இருக்கும் என்றார். சென்னை ஆஸ்பத்திரிக்கு நானே எழுதிக் கேட்கிறேன், பழைய ரெக்கார்டு கட்டு, கிடைக்க நாளாகும், கிடைக்காமலும் போகலாம், வீட்டில் இருக்கிற ஃபைலை முதலில் கொண்டுவாருங்கள் என்றார்.

நர்மதா என் பக்கம் திரும்பவே இல்லை. ஃபைல் என்ன ஆனது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவாலங்காட்டுக்குப் போனோம். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ. மாமனார் பரசுராமன் வயலிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். மாமியார் கெங்கம்மாள் வாயெல்லாம் பல்லாக, "வாங்க மாப்ள, நாஷ்டா ஆறிப் போவுது, துன்னுட்டுப் பேசலாம்" என்றார். இலையில் இட்லி விழுவதற்கு முன்னால் நான் கேட்டுவிட்டேன். "அத்த, நர்மதாவோட ஆஸ்பத்திரி ஃபைல் எங்க?"

அவர் கையில் கரண்டி அப்படியே நின்றது. மகளைப் பார்த்தார். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்மா."

கெங்கம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "அது இல்ல மாப்ள. போகில கொளுத்திட்டேன்."

ஆறு வருடம் ஆகி, இனி வியாதி திரும்பாது என்று பெரிய டாக்டர் சொன்ன அந்தத் தை மாதம். வீட்டிலிருந்த பழைய பாய், முறம், கிழிந்த தலையணையோடு அந்தக் கனத்த ஃபைலையும் தூக்கி நெருப்பில் போட்டிருக்கிறார். ஊரெல்லாம் பழையதைக் கழிக்கிற நாள், வீட்டில் இருந்ததிலேயே பழையதும் பீடையும் அதுதான் என்பது அவர் கட்சி. "அது பேரு எழுதுன காகிதம் ஊட்ல இருந்தா அதுக்கு வழி தெரியும் மாப்ள. திரும்பி வந்துடும். அதான்" என்றார். நாக்கில் அந்தப் பேர் வராமல் 'அது, அது' என்றே சொன்னார். சென்னையிலிருந்து வருடம் ஒருமுறை வரச்சொல்லி வந்த கார்டுகளும் அதே வழியில்தான் போயின.

"படிச்சவங்க யாரையாவது ஒரு வார்த்த கேட்டீங்களா? இப்ப அவ ரெண்டு உசிரு. டாக்டரம்மா இன்னா மருந்து, எவ்ளோ ஏறுச்சின்னு கேக்கறாங்க. நான் இன்னான்னு சொல்லுவேன்? சாம்பல அள்ளிக்கினு போவவா?" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. எதிர்வீட்டில் ரேடியோவை நிறுத்தினார்கள்.

"அவளத் திட்டாதீங்க மாப்ள" என்றார் மாமனார். "நானும் பக்கத்துலதான் நின்னேன். நெருப்பு புடிக்கலன்னு மண்ணெண்ணெ ஊத்துனதே நாந்தான்."

நர்மதா பாத்திரத்திலிருந்து தானே ஒரு இட்லியை எடுத்துப் பிட்டு வாயில் போட்டாள். பசிக்கிறது என்றாள். அவள் அப்படித்தான். நான் கொஞ்சம் இறங்கி வந்து, முழுக் கணக்கு வேண்டாம், ஒரு சிவப்பு மருந்து உண்டாம், அது எத்தனை தடவை என்று தெரிந்தாலே போதுமாம் என்றேன்.

"செவப்புத் தண்ணியா?" என்றார் கெங்கம்மாள்.

"தெரியுமா?"

"தெரியுமாவா? ஏழு வாட்டி." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது ஏறுற அன்னிக்கி கொழந்தைக்கு மூத்தரமே செவப்பா போவும். மொத வாட்டி ரத்தம்னு நெனச்சி நான் வார்டே கேக்க கத்திட்டேன். அன்னிக்கி ஆஸ்பத்திரி கேட்டுல வளையல் விக்கிறவங்ககிட்ட ஒரு செவப்பு வளையல் வாங்கி இந்தக் கைல போட்டுக்கினேன். எல்லம்மா தாயே, ஒவ்வொரு வாட்டிக்கும் ஒண்ணு போட்டுக்கிறேன், எல்லாத்தையும் உனக்கே கொண்டாந்து போடறேன், கொழந்தைய வுட்டுடுன்னு வேண்டிக்கினேன். கடசில ஏழு வளையல் கொண்டும்போயி எல்லம்மா கழுத்துல கட்டுனேன்."

"ஆறு இல்ல?" என்றார் மாமனார்.

"ஏழு. ஏழாவதுக்கு நீ எங்க வந்த? நடவு ஆளு வந்துக்கினு இருக்குன்னு ஊர்லயே நின்னுட்ட." திரும்பி என்னிடம் விரல் மடக்கினார். முதல் மூன்றும் நாற்று விட்ட மாதத்தில், வாரம் ஒன்று. நான்காவது ஆடி கழித்து. ஐந்தாவதும் ஆறாவதும் கதிர் முற்றுகிற சமயம். அப்போது குழந்தை பதினேழு கிலோ. அதற்கு முன் பத்தொன்பது இருந்தாள், எடை மெஷினில் ஏற்றும்போது கண்ணை மூடிக்கொள்வேன் என்றார். ஏழாவது அடுத்த நடவுக்கு. எந்த வாரம் எந்த ஊசி முதுகுத்தண்டில், எந்த நாள் வாய்ப்புண்ணில் ஒரு வாய்க் கஞ்சி இறங்கவில்லை, எத்தனை நாள் தலைக்குக் கரண்ட் வைத்தார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒரு எழுத்து படிக்கத் தெரியாதவர். நான் பையிலிருந்து பேனாவை எடுத்து, பட்டறைச் சம்பளச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன். அந்தப் பக்கம் நிறைந்து அடுத்த சீட்டும் நிறைந்தது. நெருப்பில் போட்டது காகிதத்தைத்தான்.

"அத்த, இத அப்படியே டாக்டர்கிட்ட வந்து நீங்களே சொல்லணும்" என்றேன்.

"நானா? டாக்டரம்மா திட்டுவாங்க."

"திட்டுனா வாங்கிக்கலாம். நானும் மஞ்சக்காமாலைன்னு சொல்லி வாங்கிக்கினேன்."

வந்தார். வியாழக்கிழமை, கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையில் வந்தார். கிறிஸ்டினா டாக்டர் திட்டவில்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்கம்மா, நான் எழுதிக்கிறேன்" என்றார். நாற்று விட்ட மாதத்தை அவர் ஜூலை என்று எழுதினார், கதிர் முற்றியதை டிசம்பர் என்று. எடையைக் கேட்டார். ஏழு வளையலைக் கேட்டதும் பேனாவை நிறுத்தி, "எல்லா அம்மாங்களும் இப்படி வளையல் போட்டுக்கிட்டா எங்களுக்கு வேலை சுலபம்" என்று சிரித்தார். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த நாளில் வழக்கமாகக் கொடுத்த அளவென்றால், ரொம்ப ஆபத்தான வரிசையில் இவள் வரமாட்டாள், நடு வரிசைதான் என்றார். கட்டு கிடைத்தால் சரிபார்த்துக்கொள்ளலாம். அதுவரை மாதம் ஒரு ஸ்கேன், ஒரு மாத்திரை, பிரசவம் சென்னையில் இதய டாக்டரும் கூட இருக்கிற இடத்தில். "இதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சதால பண்ண முடியுது. தெரியாம இருந்திருந்தாதான் பிரச்சினை" என்றார்.

கெங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் வருஷா வருஷம் போவ வுடல" என்றார். "திரும்பி அந்த வாசல்ல போயி நின்னா, உன்ன யாரு போவச் சொன்னது, உள்ள வான்னு கூப்புட்டுடுவாங்கன்னு பயம்." டாக்டர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். எனக்கு இருந்த மிச்சம் மீதிக் கோபமும் அந்த அறையிலேயே போய்விட்டது.

ஏழாம் மாதம் மணவாள நகரில் எங்கள் வீட்டிலேயே வளைகாப்பு வைத்தோம். என் அக்கா பானு இரண்டு கும்பாவில் சந்தனமும் குங்குமமும் கரைத்து வைத்து, அதிகாரமாக எல்லாரையும் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல நாக்கு எழவில்லை என்பதுதான் உண்மை. மாமியாரை அந்தக் கத்து கத்தியவன், அக்காவிடம் நானும் மறைத்துக்கொண்டுதான் இருந்தேன். பெண்கள் ஒவ்வொருவராக வந்து பச்சையும் மஞ்சளுமாக வளையல் போட்டார்கள். கெங்கம்மாளின் முறை வந்தது. மடியிலிருந்து ஏழு சிவப்பு வளையலை எடுத்தார்.

"இன்னா அத்த, எல்லாம் பச்ச போட்றாங்க, நீங்க ஒரே செவப்பா கொண்டாந்துக்கிறீங்க?" என்றாள் பானு.

கெங்கம்மாள் முதல் வளையலை மகள் கையில் ஏற்றினார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேனா என்று எனக்கு நினைவில்லை. "எம் பொண்ணுக்கு எட்டு வயசுல கேஞ்சரு வந்துச்சிம்மா" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பேரைச் சொல்கிறார். பழக்கமில்லாத வாய், 'கேஞ்சரு' என்று வந்தது. "ஏழு வாட்டி செவப்பு மருந்து ஏறுச்சி. பொழச்சிக்கினா. ஏழுக்கு ஏழு போட்றேன்."

ஸ்டவ்வில் எலுமிச்சை சாதத்துக்குத் தாளிக்கிற சத்தம் மட்டும். பானு என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதற்குத் தனியாக நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது, பிறகு சொன்னேன். ஆனால் அப்போது அவள் செய்தது வேறு. நர்மதாவின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "மெதுவா போடுங்க அத்த, ஒண்ணுகூட ஒடையக்கூடாது" என்றாள். ஒன்றும் உடையவில்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் முறை. எங்கள் விஷயத்தில் தாய் இங்கே வந்தார், ஆஸ்பத்திரிக்கும் ரயிலுக்கும் கிட்டம் என்று. மார்கழி முழுக்க நர்மதா இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். கால் வீங்கியது, வடிந்தது. மாதாமாதம் மேம்பாலம் ஏறினோம். பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, வளையல் சத்தம் அடங்கியதும் மறுபடி ஏறுவோம். கடைசி ஸ்கேனிலும் ஐம்பதுதான். கூடவில்லை, இறங்கவும் இல்லை. இன்னும் நான்கு வாரம் இருக்கிறது, அட்மிஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. சென்னையிலிருந்து பழைய கட்டு இன்னும் வரவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மூன்று பக்கத்தையும், ஸ்கேன் தாள்களையும், என் சம்பளச் சீட்டுகளையும் சேர்த்து நீல நிற ஃபைல் ஒன்றில் போட்டு வைத்திருக்கிறோம்.

இன்று போகி. காலை ஐந்தரைக்கே தெருவில் பிள்ளைகள் தப்பட்டையைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். நர்மதாவுக்குப் புகை ஆகாது என்று நான் ஜன்னல்களைச் சாத்தி, கதவடியில் ஈரத் துணியைச் சுருட்டி வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "பழசு எதுனா இருந்தா குடுங்க, நெருப்பு நல்லா புடிச்சிக்கிச்சி" என்றார். ஒரு கிழிந்த பாயும் பிய்ந்த துடைப்பமும் இருந்தன, எடுத்துக் கொடுத்தேன்.

"ஊட்ல இன்னும் எதுனா கீதா அத்த?" என்று திரும்பிக் கேட்டேன், வேண்டுமென்றேதான்.

கெங்கம்மாள் கட்டிலில் மகளின் காலடியில் உட்கார்ந்திருந்தார். வெளியே தப்பட்டைச் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் பிள்ளை அதற்கு உதைக்கிறது என்று நர்மதா சிரித்தாள், கையை வைத்த இடத்தில் சிவப்பு வளையல்கள் குலுங்கின. கெங்கம்மாள் நீல ஃபைலை மடியில் வைத்து, அதன்மேல் முந்தானையை இழுத்து மூடி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.